கண்ணாடி போட்டால்தான் மாமிக்குக் காது கேட்கும்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு வளவு மகளுக்கு. ஆகவே வயதுபோன தாயை மகள் பார்க்கிறாள் என்றால் அதில் பாதி மருமகன் தலையிலும் விழும். நானும் அப்படித்தான் களுவாஞ்சிக்குடியில் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். மாமியோடு நேருக்கு நேர் இருந்து நிறையக் கதைக்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. அவ சொல்வது மகள் வழியாக வரும், நான் சொல்வதும் அப்படியே போகும். கதை குறைவு என்றால் பார்ப்பது கூடும்தானே. மாமியின் காதும் கண்ணும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிக்கொண்டிருந்தன என்பது எனக்கு முதலில் பிடிபட்டதற்கு அது ஒரு காரணம்.

மற்றக் காரணம் என் தொழில். கோயில் சடங்கு, திருவிழா, கல்யாண வீடு என்று ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். “சத்தம் குறைவு” என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே வருகிற கேள்வி, எந்தச் சத்தம் என்பதுதான். தாழ்ந்த பேஸா, உயர்ந்த ட்ரெபிளா?

கொரோனாக் காலத்தில்தான் முதல் சந்தேகம் வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்ட நாட்களில் மாமிக்குக் காது கேட்காமல் போய்விட்டது. மருந்தெடுக்கப் போன இடத்தில் டொக்டர் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, வாசலுக்கு வந்ததும் மகளிடம் “என்ன மகள் சொன்னவர்?” என்பா. வீட்டுக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மகள் சொன்னால் எல்லாம் விளங்கும். துணி சத்தத்தை மறைக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். கொஞ்சம் மறைக்கும்தான், ட்ரெபிளில் ஒரு பங்கைத் தின்னும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் எந்நேரமும் துணிதானே கிடக்கிறது? ஒரு துணியால் ஒரு ஆள் செவிடாக முடியாது.

பிறகு 2022 வந்தது. ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். கரண்ட் போனதும் மாமிக்குக் காதும் போய்விடும். ஒரே ஆள், ஒரே குரல், ஒரே குசினி. லைட் இருந்தால் பதில் வரும், மெழுகுதிரி வெளிச்சத்தில் வராது. போதாததற்கு, “கண்ணாடியக் கொண்டா மகள், நீ சொல்றது கேக்குதில்ல” என்று அவவே சொல்லுவா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது பகிடி இல்லை, அவ உள்ளதைத்தான் சொன்னா.

மாமி பல வருடமாக எங்கள் வாயைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவவுக்கே அது தெரியாது. வயது போகப் போக காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை, அதாவது ட்ரெபிளை. உள்காதில் அந்த ஓசைகளைப் பிடிக்கிற நுண்ணிய மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரோசைகள் பேஸ் பக்கம் நிற்பவை, பலமாகவும் இருப்பவை. க, ச, த, ப போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற கூர்மை மேல் பக்கம் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்டவருக்கு ஆள் பேசுவது நன்றாகக் கேட்கும், என்ன பேசுகிறார் என்பதுதான் விளங்காது. “அம்மாக்கு வேணுமெண்டா கேக்கும், வேணாமெண்டா கேக்காது” என்று மச்சாள் குறைப்படுவது இதனால்தான்.

இங்கேதான் கண் உதவிக்கு வருகிறது. பால், கால் இரண்டையும் காது குழப்பும். ஆனால் ‘பா’ சொல்ல உதடு மூட வேண்டும், ‘கா’ சொல்ல மூட வேண்டாம். கண் அதைப் பிடித்துவிடும். மறுபக்கம் பாடு, மாடு இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘ம’ மூக்கால் வருகிற தாழ்ந்த ஓசை, அதைக் கிழட்டுக் காதும் பிடித்துவிடும். ஒன்று தவறவிடுவதை மற்றது பொறுக்கி எடுக்கிறது. இரைச்சலுக்குள் பேசுகிறவரின் முகம் தெரிந்தால் பேச்சு எவ்வளவோ கூடுதலாக விளங்கும் என்பதை 1954இலேயே சம்பி, பொலாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். 1976இல் மெக்கர்க், மெக்டொனல்ட் என்ற இருவர் இன்னும் வேடிக்கையான ஒன்றைச் செய்தார்கள். காதுக்கு ‘பா’ என்ற ஓசையையும் திரையில் ‘கா’ என்று அசைகிற வாயையும் சேர்த்துக் கொடுத்தால், பார்ப்பவருக்கு ‘டா’ என்று கேட்கும். நல்ல காதுள்ளவர்களுக்கே இந்தக் கதை.

அப்படியானால் அந்தக் கண்ணும் மங்கினால்?

மாமியின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துகொண்டிருந்தது, கண்புரை. அது மெல்ல மெல்ல வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. மாமிக்குச் சட்டென்று காது போய்விட்டது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறா, ஆட்கள் வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுகிறா. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு முடிகிற குளுத்தி அன்று விடிய விடியக் கோயிலில் இருக்கிற மனுசி, “நான் வரல்ல, நீங்க போங்க” என்றா. “அம்மாக்கு அறளை பேந்துட்டு”, அதாவது வயதால் புத்தி தடுமாறிவிட்டது என்று மூத்த மச்சாள் முடிவு கட்டிவிட்டா.

எனக்கு அது சரியாகப் படவில்லை. காலையில் விறாந்தையில் வெளிச்சத்தில் ஒழுங்காகக் கதைக்கிற ஆள் பொழுதுபட்டால்தான் குழம்புகிறா. மாலையில் குழப்பம் கூடுவது மறதி நோயிலும் உண்டு, அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் என் சாமான்களையே இறக்கினேன். சின்ன மிக்ஸர் ஒன்று, மைக் ஒன்று, காதை முழுதாக மூடுகிற ஹெட்போன் ஒன்று. சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, ஹெட்போனை மகள் கையால் மாமிக்குப் போட்டு, ட்ரெபிளை மட்டும் கொஞ்சம் ஏற்றி, பிறகு சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினோம். வாயைப் பார்க்க முடியாதபடி மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லி, வயல் காணி எல்லைத் தகராறைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். மாமி அந்தக் காணியின் நாலு எல்லையையும், யாருடைய அப்பா எந்த வருடம் வேலியைத் தள்ளிப் போட்டார் என்பதையும், அதற்கு யார் சாட்சி என்பதையும் வரிசையாகச் சொன்னா. மூத்த மச்சாள் வாயே திறக்கவில்லை.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் சத்தத்தை முதலில் கட்டாயம் பூச்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வயதுபோன காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூடினால் சட்டென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். நடுவில் உள்ள இடைவெளி ஒடுங்கிப்போயிருக்கும். “கத்திச் சொல்லு” என்கிற ஆளே அடுத்த நிமிடம் “ஏன் கத்துறாய்” என்று கோபிப்பது அதனால்தான். இன்னொன்று, இந்த ஹெட்போன் வித்தை மூளைக்கான சோதனை இல்லை. பேச்சு போய்ச் சேராத ஆளிடம் மறதியைச் சோதிக்கக் கூடாது, அவ்வளவுதான் அது காட்டும். ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்விகளை டொக்டர் கேட்கும்போது கண்ணாடியும் இருக்க வேண்டும், காதுக்கும் ஏதாவது வழி இருக்க வேண்டும்.

சரி, ஆஸ்பத்திரி. காதுக்கு ஒரு கிளினிக், கண்ணுக்கு வேறொரு கிளினிக், சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு இன்னொன்று. நாளும் வேறு, கொப்பியும் வேறு. கண் பார்க்கிறவர் காதைக் கேட்கமாட்டார், காது பார்க்கிறவர் கண்ணைக் கேட்கமாட்டார். அது அவர்களின் பிழை என்று சொல்லவில்லை, வரிசை அவ்வளவு நீளம். ஆகவே சொல்ல வேண்டியது நாங்கள்தான். ஒரு தாளில் பெரிய எழுத்தில், “இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, இரண்டு காதும் குறைவு, சீனி, பிரஷர், எடுக்கிற மருந்துகள் இவை” என்று எழுதி எல்லாக் கொப்பியிலும் மேலே குத்தினேன். மருந்துப் பட்டியல் முக்கியம். ஜென்டாமைசின் மாதிரி ஊசி மருந்துகள் சில காதைப் பாதிக்கும், ஸ்டீராய்டு நீண்டகாலம் எடுத்தால் கண்ணில் புரையும் அழுத்தமும் வரலாம். ஒரு டொக்டர் எழுதுகிற மருந்து அடுத்த டொக்டரின் பக்கத்தில் என்ன செய்யும் என்று கேட்க அந்தத் தாள் உதவும்.

காது கிளினிக்கில் முதலில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுக் குரும்பியை, காது அழுக்கை எடுத்தார்கள். ஒரு பக்கம் அடைத்தே கிடந்தது. பஞ்சுக் குச்சி போட்டுக் கிண்டுவதால் அது உள்ளேதான் இறுகும், வீட்டில் குச்சியையும் ஊசியையும் காதுக்குக் கொண்டுபோகாமல் இருந்தாலே போதும். அதை எடுத்ததில் கொஞ்சம் கேட்டது, முழுதாக இல்லை. பிறகு சத்தம் அடங்கிய அறையில் வைத்து, பீப் பீப் என்று கொடுத்து, கேட்கும்போது பொத்தானை அமத்தச் சொல்கிற சோதனை. மாமி ஆரம்பத்தில் அமத்தவே இல்லை. பொத்தான் எது என்று தெரியவில்லை, கறுப்பு மேசையில் கறுப்புப் பொத்தான்! கையில் எடுத்துக் கொடுத்து, விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் சோதனை சரியாக நடந்தது. கண் குறைந்தவர் என்று முதலிலேயே சொன்னால் கையை உயர்த்தச் சொல்லியும் செய்வார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் இல்லாத செவிடும் தாளில் ஏறிவிடும்.

கண் ஒபரேஷன் முதலில் வந்தது. புரைக்கு விறைப்பு மருந்து கண்ணுக்கு மட்டும்தான், ஆள் முழிப்பாகவே இருப்பார். முகத்தை மூடித் துணி விரித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து வைப்பார்கள். “வெளிச்சத்தைப் பாருங்க, அசையாதீங்க” என்று சொல்வார்கள். காது நல்ல ஆளுக்கு அது போதும். மாமிக்கு? ஒரு கண் துணிக்குள், மற்றக் கண்ணில் வேலை நடக்கிறது, காதும் இல்லை. முந்தின நாளே வார்ட்டில் நேர்ஸிடம் இதைச் சொன்னோம். அவ நல்லவ, உடனே விளங்கிக்கொண்டா. கையை ஒருதரம் அமத்தினால் அசையாமல் இரு, இரண்டுதரம் அமத்தினால் முடிந்தது, மாமிக்கு ஏதாவது வேண்டுமென்றால் தலையை அசைக்காமல் விரலால் அந்தக் கையைச் சுரண்ட வேண்டும். மகள் இதை வீட்டில் கட்டிலில் படுக்க வைத்து, முகத்தில் துணி போட்டுப் பழக்கினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு புலனும் குறைந்த ஒருவரை ஒபரேஷனுக்குக் கொண்டுபோகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கட்டு அவிழ்த்த பிறகு கொஞ்ச நாளில் மாமிக்குக் காது கேட்கத் தொடங்கியது. காதுக்கு இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. மனைவியின் வாய் தெரிந்தது, மூத்த மச்சாளின் வாய் தெரிந்தது, பிள்ளைகளின் வாய் தெரிந்தது. என்னுடையது மட்டும் இல்லை. ஒருநாள் மகளிடம், “தம்பிர மீசையக் கொஞ்சம் வெட்டச் சொல்லு, வாய் தெரியுதில்ல” என்று தூது வந்தது. வெட்டினேன்.

ஒபரேஷனுக்கு முந்திய மாதங்களில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இதை வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள். பொழுதுபடும் நேரம் கடப்படியில், வளவு வாசலில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று மாமி சொன்னா. வர்ணச் சட்டை போட்ட பிள்ளைகள், பேசுவதில்லை, பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். இரவில் தூரத்தில் குளுத்திப் பாட்டு கேட்கிறதாம், அது சடங்கு மாதமே இல்லை. கோயில் பூசாரி கட்டாடியாரைக் கூப்பிட்டு நூல் கட்டினார்கள். கட்டட்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் மாமி அழுதது பேய்க்குப் பயந்து இல்லை, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்து. கண் டொக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. பார்வை நன்றாகக் குறைந்தவர்களுக்கு, வெளியில் இருந்து படம் வராத இடத்தை மூளை தானாகவே நிரப்பப் பார்க்கும். சுவிட்சர்லாந்தின் சார்ள்ஸ் பொனே என்பவர் 1760இல் தன் பாட்டனாருக்கு இப்படி நடந்ததை எழுதிவைத்ததால் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்களாம். காது குறைந்தவர்களுக்குப் பாட்டு கேட்பதும் இதே வகை. புத்தி நல்லாக உள்ளவர்களுக்கும் வரும். லைட்டைப் போட்டுவிட்டால், அல்லது கண்ணை இடமும் வலமும் சில தரம் அசைத்தால், உருவம் பலருக்குப் போய்விடும். என்றாலும் டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சல், சலக்கிருமி, மருந்து ஒத்துக்கொள்ளாமை, சில மறதி நோய்கள் என்று வேறு காரணத்தாலும் உருவங்கள் தெரியலாம். மாமிக்கு “இது உங்கட கண்ணுர வேலை, தலையில ஒண்டுமில்ல” என்று டொக்டர் காதுக்குக் கிட்ட வந்து சொன்னதே பாதி மருந்து.

வீட்டில் செய்த மாற்றங்களில் பெரியது காசே செலவில்லாதது. மாமியின் கதிரை விறாந்தையில் வளவைப் பார்த்தபடி கிடந்தது. வருகிறவர்கள் அவவுக்கு முன்னால், வெயிலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்பார்கள். முகம் கறுத்து நிழலாகத்தான் தெரியும். கதிரையை மறுபக்கம் திருப்பி, முதுகு வளவுக்கும் முகம் சுவருக்குமாக வைத்தோம். இப்போது வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழும். “ஆக்கள் வாறது தெரியாதே” என்று மாமி கோபித்தா, அது நியாயம்தான். பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைச் சுவரில் மாட்டிக் கடப்பு தெரிகிற மாதிரிச் சரித்து வைத்தேன். கோபம் போய்விட்டது.

சத்தம் அடுத்தது. ஆட்கள் வந்தால் டிவியை நிறுத்துவது, ஃபேனைக் குறைப்பது, தகரக் கூரையில் மழை பெய்யும்போது முக்கியமான எதையும் பேசாமல் விடுவது. கத்துவதை வீட்டில் தடை செய்தோம். கத்தினால் ஏறுவது உயிரோசைகள், அவவுக்கு ஏற்கெனவே கேட்கிறவை. வாயும் கோணிப்போகும், அதைக் கண்ணால் வாசிக்கவும் முடியாது. சாதாரணக் குரலில், கொஞ்சம் ஆறுதலாக, முன்னால் இருந்து சொன்னால் போதும். விளங்காவிட்டால் அதே வசனத்தை மூன்று தரம் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். முதலில் தலைப்பைச் சொல்லிவிட வேண்டும். “கிளினிக் விசயம் மாமி” என்று தொடங்கினால் பிறகு வருகிற சொற்களில் பாதியை அவவே ஊகித்துவிடுவா.

கூப்பிடுவதுதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. இரண்டும் குறைந்தவருக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்தால் தெரியாது, சட்டென்று முன்னால் போனால் திடுக்கிடுவார். தோளில் தொடச் சொல்கிறார்கள். மருமகன் மாமியைத் தொட்டுக் கூப்பிடுவது எங்களில் சரியாக வராது. அதனால் கதிரையின் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டுவேன், அதிர்வு கைக்குப் போகும். மகள் என்றால் தோள், பேரப்பிள்ளைகள் என்றால் முழங்கால், கதிரை தட்டினால் தம்பி. யார் வந்தது என்று திரும்பாமலே சொல்லிவிடுவா.

விழுவதுதான் பெரிய பயம். சமநிலைக்குக் கண்ணும் உள்காதும் காலடி உணர்வும் மூன்றும் வேண்டும், வயதோடு மூன்றுமே குறையும். சீனி வருத்தம் இருந்தால் கால் விறைப்பும் சேரும். விறாந்தைப் படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட், கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் போகிற வழியில் இரவு முழுக்க எரிகிற சின்ன லைட், தலைமாட்டில் டோச். சோற்றுக்கு வெள்ளைக் கோப்பையை மாற்றி நீலக் கோப்பை, சோறு எது கோப்பை எது என்று தெரிய வேண்டுமே. மெயின் ரோட்டைத் தனியாகக் கடப்பதை நிறுத்திவிட்டோம். கல்முனையில் இருந்து வருகிற பஸ்கள் எங்கள் ஊருக்குள் வரும்போது வேகம் குறைப்பதில்லை. கண் மங்கின ஆள் காதை நம்பித்தான் ரோட்டைக் கடப்பார், காது குறைந்த ஆள் கண்ணை நம்புவார். மாமிக்கு நம்ப இரண்டும் இல்லை.

கட்டாரில் இருக்கிற மச்சான் தாயோடு பேச முடியவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். பழைய டெலிபோன் லைன் 300இல் இருந்து 3400 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களைத்தான் கொண்டுபோகும், மாமிக்கு வேண்டிய கூர்மை அதிலேயே வெட்டுப்பட்டுவிடும். வாயும் தெரியாது. இப்போது வீடியோவில் எடுத்து, படத்தை டிவியில் போட்டு, சத்தத்தை என் ஸ்பீக்கர் ஒன்றில் விடுகிறேன். மச்சானிடம் ஜன்னலைப் பார்த்து இருக்கச் சொல்லியிருக்கிறோம், ஜன்னலுக்கு முதுகு காட்டி இல்லை.

பிறகுதான் காது மெஷின் வந்தது. முதல் கிழமை அது ஒரு தண்டனை. காகம், ஓலை உரசுவது, கோப்பை கழுவுவது, சொந்தக் காலடி எல்லாம் ஒரேயடியாகக் காதுக்குள் விழுந்தன. பல வருடம் கேட்காத ஓசைகளை மூளை திரும்பப் பழக வேண்டும். லாச்சிக்குள் போட்டு மூடிவிடுகிற மெஷின்கள் பெரும்பாலும் இந்தக் கிழமையில் போனவைதான். அமைதியான வீட்டில், ஒரு ஆளோடு, கொஞ்ச நேரம் என்று தொடங்கிக் கூட்டினோம். கீச்சென்று கத்தினால் காதுக்குள் சரியாக இருக்கவில்லை என்று அர்த்தம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்தால் கோயிலில் என்ன நடக்குமோ அதேதான், எனக்குச் சொல்லவா வேண்டும்.

கண் குறைந்தவருக்கு மெஷின் வாங்குகிறவர்கள் பற்றரியைப் பற்றி முதலில் கேளுங்கள். மிகச் சின்ன மெஷினுக்கு மிகச் சின்னப் பற்றரி, அதைத் தடவிக்கூடப் போட முடியாது. கீழே விழுந்தால் தேட முடியாது, குழந்தைகள் உள்ள வீட்டில் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சார்ஜ் பண்ணுகிற வகை என்றால் அந்தத் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் பெரிய பற்றரி போடுகிற, காதுக்குப் பின்னால் வைக்கிற வகை. பற்றரியில் ஒட்டியிருக்கிற நிறத்தாள் அளவைச் சொல்லும். 13 என்றால் ஒரேஞ்சு, 675 என்றால் நீலம், 312 மண்ணிறம், 10 மஞ்சள். தாளை உரித்து ஒரு நிமிடமாவது காற்றில் விட்டுத்தான் மூட வேண்டும், காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும். மெஷினில் சிவப்புக் குறி வலது, நீலம் இடது. நிறம் தெரியாதவருக்கு ஒன்றில் சின்ன டேப் துண்டு ஒட்டிவிட்டால் விரலே சொல்லும். கண்ணாடியும் மெஷினும் ஒரே காதில் தொங்குவதால், கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பிறகு மெஷினை வைப்பது எங்களுக்கு லேசாக இருந்தது. எங்களது கடற்கரைக் காற்று, வியர்வையும் சேரும். இரவில் மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைக்கிறோம்.

“காதுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு, நரம்பு ஒன்றா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படி ஒரே கம்பி ஓடவில்லை. கண்ணில் புரை வருவது வில்லையில், காது போவது உள்காதில். ஆனால் வயது இரண்டையும் தின்னும். விழித்திரைக்கும் உள்காதுக்கும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்தான் சாப்பாடு கொடுக்கின்றன, சீனியும் பிரஷரும் சிகரெட்டும் அந்தக் குழாய்களைக் கெடுக்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காது குறைவு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2008இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. சீனிக் கிளினிக்கில் கண்ணைப் பார்க்க அனுப்புகிறார்கள், காதையும் பார்க்க நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். முதுமையில் இல்லாமல், சின்ன வயதிலேயே காதும் குறைந்து இரவுப் பார்வையும் குறைகிற பிள்ளை இருந்தால் அது வேறு விசயம். பரம்பரையாக வருகிற நோயாக இருக்கலாம், சொந்தத்துக்குள் கட்டுகிற குடும்பங்களில் அதன் வாய்ப்புக் கூடும். பிந்தாமல் காட்ட வேண்டும்.

மறதி நோய் பற்றியும் மச்சாள் கேட்டபடியால் தேடிப் படித்தேன். மறதி நோய்க்கு வழிவிடுகிற, ஆனால் நாங்கள் மாற்றக்கூடிய காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு பட்டியல் போடுகிறது. காது குறைவு முன்பே அதில் இருந்தது. 2024இல் பட்டியல் 14 ஆனபோது, வைத்தியம் செய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் சேர்ந்தது. இதை வைத்து “மெஷின் போட்டால் மறதி வராது” என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் 977 முதியவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை, ஆபத்து அதிகமாக இருந்த பிரிவில் மட்டும் ஞாபகமும் சிந்தனையும் குறைகிற வேகம் ஏறத்தாழப் பாதியாகியது. என் பார்வையில் மெஷின் வாங்குவதற்கு மறதிப் பயம் ஒரு காரணமாக இருக்கத் தேவையே இல்லை. மாமி அறைக்குள் போகாமல் விறாந்தையில் இருக்கிறா, அது போதாதா?

மற்றக் கண்ணுக்கு ஒபரேஷன் இன்னும் இருக்கிறது. அதே கை அமத்தல் பாடத்தை இந்த முறை மாமியே மூத்த மச்சாளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறா. நானும் என் காதைச் சோதித்தேன். 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு காதிலும் பள்ளம், சத்தத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் விழுகிற இடம் அதுதானாம். இப்போது காதடைப்பான் இல்லாமல் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதில்லை, கூட வேலை செய்கிற பெடியன்களுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் போடுகிறார்களா என்பது வேறு கதை.